குண்டூசி குத்திய அளவு

ஒரு ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்ததாம். கல், சேறு, கரடு எதிலும் ஏறும் வண்டி. அந்த வண்டிக்கு ஒரு புருஷன் இருந்தார், பூட்டுக் கடைக்காரர். அந்தப் புருஷனுக்கு ஒரு பெண்டாட்டியும் இருந்தாள், தையல்காரி. கடைக்காரர் மனசில் வரிசை இதுதான்.

மறுநாள் மலைப்பாதைப் பந்தயம். இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியும், வண்டியோ ஒன்று. "உங்க எடை எண்பது கிலோவுக்குள்ள எறங்கினா நீங்க போங்க. இல்லைன்னா நான்" என்று ஒரு மாதம் முன்பே அவள் பேசி வைத்திருந்தாள். புதன்கிழமை குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தராசில் ஏறியவர், "எழுபத்தொம்பது" என்று உள்ளிருந்தே படித்தார். அவருடைய இடது கை அப்போது எங்கே ஊன்றியிருந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

இன்று பின்சக்கர ஸ்பிரிங்கைச் சரிபார்க்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் நூற்றைந்து மில்லிமீட்டர் இறங்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பள்ளத்தில் தூக்கி எறிந்துவிடும். உட்கார்ந்தவனே அளக்க முடியாது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதும், வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

"இந்தா, கொஞ்சம் டேப்போட வாயேன்."

வந்தாள். மட்காட்டிலிருந்து சக்கர அச்சு வரை டேப்பைப் பிடித்தாள். நூற்றைந்து இறங்கினால் அச்சு வந்து தொட வேண்டிய கோட்டில், டேப்பிலேயே ஒரு குண்டூசியைக் குத்தினாள்.

"இந்த ஸ்பிரிங் எத்தனை கிலோவுக்குங்க?"

"எண்பது. புத்தகத்தைப் பாத்து நானே திருகினேன். மயிரிழை பிசகாது."

நுணலும் தன் வாயால் கெடும். பூட்ஸ், ஹெல்மெட் சகிதம் ஏறி உட்கார்ந்தார். வண்டி பெருமூச்சு விட்டது.

"ஊசியைத் தாண்டிடுச்சு. பன்னண்டு மில்லி."

கடைக்காரர் உட்கார்ந்தபடியே ஸ்பேனருக்குக் கை நீட்டினார். "ஸ்பிரிங் தளந்திருக்கும். ரெண்டு சுத்து இறுக்கிட்டா போச்சு."

"இறுக்கலாம். முதல்ல தளந்திருக்கான்னு பாத்துடலாமே. எறங்குங்க."

அவருடைய பூட்ஸையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். "நான் அறுபது. அந்த மூலையில இருக்கற இருபது கிலோ மாவு மூட்டையை என் மடியில வைங்க."

வைத்தார்.

"இப்ப நீங்க அளந்து சொல்லுங்க."

குனிந்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் ஓடியது. ஆனால் குண்டூசியின் தலை அச்சின் நடுவில், பொட்டு வைத்த மாதிரி நின்றது.

"எவ்வளவுங்க?"

"நூத்தி அஞ்சு."

"ஸ்பிரிங்குக்கு ஒண்ணும் ஆகலைங்க. நல்லாத்தான் இருக்கு." மூட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இப்ப அறுபதுக்குத் தகுந்த மாதிரி தளத்தி விடுங்க. உங்களை மாதிரி மயிரிழை பிசகாம யாரு திருகுவா?"

திருகினார். மூட்டை இல்லாமல் அவள் உட்கார்ந்திருக்க, அவரே அளந்து பார்த்தார். ஊசி அச்சைத் தொட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வண்டியைக் கிளப்பினாள்.

"தெருக்கோடி வரைக்கும் ஒரு வெள்ளோட்டம் போயிட்டு வந்துடறேன். அதுக்குள்ள அந்த ஸ்பேனரோட குளியலறைக்கும் போயிட்டு வந்துடுங்க."

"அங்க எதுக்கு?"

"வாஷ்பேசின் ஆடுதுங்க. புதன்கிழமையில இருந்து."

வண்டி தெருவில் மறைந்தது. கடைக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.