ஹிஸ்புல்லா காக்கா இருமும் அலைவரிசை

கிண்ணியா,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி முனீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மச்சானும் நலம். ஆராய்ச்சிக்கென்று நீ அனுப்பி, போன சனிக்கிழமை கூரையில் பூட்டிய உன் ரேடியோப் பெட்டியும் நலமாகச் சும்மா இருக்கிறது. கதைக்கவே கதைக்காத ஒரு ரேடியோவுக்குப் புத்தியுள்ள ரேடியோ என்று எப்படிப் பேர் வைத்தார்கள்? மச்சான் தினமும் கேட்கிறார். பௌதிகவியல் படித்தவள்தானே, சொல்லு என்கிறார். போனில் கேட்டால் நீ "ம்" என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ விளக்கியது எனக்கு விளங்கியது. அலைவரிசைக்கு உரிமைக்காரர் இருக்கிறார், அவர் பேசாத இடைவெளியைப் பெட்டி தானே கண்டுபிடித்து, நீ பதிந்து வைத்த "இது முனீப், நான் பேசுவது கேட்கிறதா?" என்பதைச் சொல்ல வேண்டும், உரிமைக்காரர் திரும்பி வந்தால் உடனே எழும்பி இடம் விட வேண்டும். நல்ல பிள்ளைதான். ஆனால் நம் வள்ளக்காரர்களிடம் இடைவெளி ஏது? மீன் பட்ட இடத்தைச் சொல்லமாட்டார்கள், பிடித்த ரேடியோ சனலையும் விடமாட்டார்கள், ஆகவே பருப்பு விலையிலிருந்து பல்வலி வரை கதை ஓடுகிறது, கதை முடிந்தாலும் ஹிஸ்புல்லா காக்கா தன் வள்ளத்து ரேடியோ செட்டின் பொத்தானை அழுத்திச் சும்மா இருமுகிறார். ஏன் என்று கேட்டேன். "விட்டா மூதூர்க்காரன் வந்து குந்திருவான், மகள்" என்றார். உன் பெட்டி அந்த இருமலுக்கும் மரியாதை செய்கிறது.

"பெட்டி அப்பிடியே முனீப்தான்" என்கிறார் மச்சான். என்னால் மறுக்க முடியவில்லை. போன மாதம் அதே காக்கா வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, அவர் எஞ்சின் பழுதான கதையைப் பிளேன்டியில் தொடங்கி வட்டிலப்பத்தையும் தாண்டிக் கொண்டுபோனார், நீ இடைவெளி வரும் வரும் என்று காத்திருந்துவிட்டு எழும்பி வந்தாய். வாசலில் அவர் மகள் ரிஸ்னா என் கையைப் பிடித்தாள். "உங்கட தம்பிக்கு விருப்பமில்லையா ராத்தா, இல்லாட்டி கதைக்கவே வராதா?" விருப்பம் என்று நீ எனக்கு மட்டும் சொன்னாய். அவளிடம் சொல்லு என்றால் "ம்".

நாளை ஜும்மா தொழுகை முடிந்ததும் காக்கா முடிவு கேட்டு வருவார். ரிஸ்னாவை வேறு இடத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்களாம். உனக்காக நான் இனிப் பேசமாட்டேன். தம்பியிடமிருந்து பதில் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டு, பெட்டியையும் கழற்றிக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. உன் உடம்பை அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். மிச்சத்தை நீதான் பார்க்க வேண்டும்.

உன் ராத்தா,
றஹ்மா

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): மேலே எழுதியதை விடு. இன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமையை நீ உன் ஆராய்ச்சியில் சேர்க்கவேயில்லை. ஆண்களெல்லாம் ஜும்மாவில். வள்ளங்களின் சத்தம் கேட்கப் பெண்கள் குசினிகளில் வைத்திருக்கும் செட்டுகள் மட்டும் வழமைபோலத் திறந்திருந்தன. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடைவெளி கிடைத்ததும் உன் பெட்டி பேசியது: "இது முனீப், நான் பேசுவது கேட்கிறதா?"

"கேக்குது" என்றது ரிஸ்னாவின் குரல். "இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?"

உரிமைக்காரி வந்துவிட்டாள் என்று உன் பெட்டி உடனே எழும்பிவிட்டது. "இருக்கீங்களா?" என்று அவள் இரண்டு தரம் கேட்டாள்.

"போயிட்டார் போல, புள்ள" என்றது வேறொரு குசினி.

காக்கா வந்தார். கதிரையில் இருந்தார். முதல் தடவையாக அவருக்குக் கதை வரவில்லை. மகள் செட்டை விட்டு எழும்பமாட்டாளாம். வேறு யாரும் வந்து குந்தக்கூடாதென்று இடைக்கிடை இருமுகிறாளாம். அவள் விடும்வரை உன் பெட்டி வாய் திறக்காது. இந்தக் கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவளின் போன் இலக்கம் கீழே.