ஹோட்டலுக்குத் துக்கம் விசாரித்தவன்

ஒரு ஹோட்டலின் சரித்திரத்தைக் கேட்டுவிட்டுக் கடலில் தலைமுழுகியவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. எப்படியும் என் பிள்ளைகள் சொல்லத்தான் போகிறார்கள், அதற்கு முந்திக்கொள்கிறேன்.)

அறுபதாம் ஆண்டுக்குச் சற்று முன்னர். குடியேற்றத் திட்டத்தில் முரசுமோட்டையில் கிடைத்த வயலை அப்பாவோடு செய்துகொண்டிருந்தேன். கொழும்பில், கடற்கரையோரப் பெரிய ஹோட்டல் ஒன்றில் தலைமைக் கிளாக்கராக இருந்தார் சிவகுருநாதர். அவருடைய மகள் பூரணத்துக்கும் எனக்கும் சாதகம் பொருந்தியிருந்தது. அவள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு உழவிலும் மனமில்லை, சோற்றிலும் மனமில்லை. மாப்பிள்ளையைத் தாம் நேரில் பார்க்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்கே வரட்டும் என்று அவர் எழுதியிருந்தார்.

அம்மா பரந்தன் ஸ்டேசன் வரைக்கும் வந்து புத்தி சொன்னார்.

"தம்பி, குடுக்கிறதைச் சாப்பிடு. வேண்டாமெண்டால் சம்பந்தமே வேண்டாமெண்டு நினைப்பினம். வெளிக்கிடேக்கை வாறன் எண்டு வடிவாய்ச் சொல்லிப்போட்டு வா."

நான் அறிந்த ஹோட்டல் கிளிநொச்சிச் சந்தியில் இருந்தது. முன்னால் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் வடை. கொழும்பில் நான் போய் நின்ற கட்டடத்தில் வடைப்பெட்டியைக் காணவில்லை. அரண்மனையா, அரசாங்கக் கச்சேரியா என்று குழம்பி நின்ற எனக்கு வாசல் காவலாளி சல்யூட் அடித்தார். நானும் திருப்பி அடித்துவிட்டு உள்ளே போனேன்.

மண்டபம் முழுக்க வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதைக் கலியாணத்துக்கும் கட்டுவார்கள் என்பதால் நான் அவசரப்படவில்லை. ஆனால் நடுவில் ஒரு வெள்ளைக்காரரின் பெரிய படம். படத்துக்குப் பூவளையம், முன்னால் எரியும் விளக்கு. கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். மூலையில் பாண்ட் வாத்தியம் மெதுவாக அழுதது. (முல்லைத்தீவில் மாதா கோயில் வேதக்காரரின் சவ ஊர்வலத்தில் கேட்ட அதே வாத்தியம்.)

மேடையில் சிவகுருநாதர் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அது ஹோட்டலின் சரித்திரம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கட்டிய துரை கப்பலில் வந்தது, நாலு அறையோடு தொடங்கியது, பாதி எரிந்ததும் திரும்பக் கட்டியது, ராசாக்களும் யுத்தகாலச் சிப்பாய்களும் வந்து தங்கியது எல்லாம் அதில் இருந்ததாம். என் ஆங்கிலத்துக்கு எட்டியது ஒன்றுதான்: துரை அந்த ஹோட்டல் மாடிப்படியில் மாரடைத்து இறந்துபோனார். அந்த இடத்தில் வாசித்தவரின் குரல் தழுதழுத்தது. முப்பது வருடம் உழைத்த இடத்தைப் பற்றிய பெருமை அது என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலாளி போய்விட்டார், இந்த நாள் பார்த்துச் சம்பந்தம் பேச வந்துவிட்டேனே என்று கூசிப்போனேன்.

கீழே இறங்கி வந்தவரின் இரண்டு கைகளையும் பிடித்தேன்.

"நான் முரசுமோட்டையிலயிருந்து வந்தனான், ஐயா. மனதைத் தேத்திக்கொள்ளுங்கோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர்தானோ தம்பி? நல்ல நாளில வந்திருக்கிறீர். வாரும், கேக் வெட்டப் போகினம்."

துக்கத்தில் மனிதருக்கு வாய் தடுமாறுகிறது என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் கை நனைப்பதில்லை.

"வேண்டாம், ஐயா. இஞ்சை நான் ஒண்டும் தொடமாட்டன்."

"தேத்தண்ணியாவது?"

"தண்ணியும் வேண்டாம்."

அவர் முகம் கறுத்தது. பாவம், தாங்கமுடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். செத்த வீட்டில் "வாறன்" என்று சொல்வதும் கூடாது. அதனால் அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

இனித் தலைமுழுகவேண்டும். வெள்ளவத்தையில் நான் தங்கவிருந்த வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தது; தீட்டோடு அங்கே நுழையமுடியாது. கடல் ஹோட்டலுக்கு முன்னாலேயே கிடக்கிறதே. வேட்டி சட்டையோடு இறங்கி மூன்று முழுக்குப் போட்டு நிமிர்ந்தேன். ஹோட்டல் விறாந்தையில் துரைமாரும் துரைசாணிமாரும் கேக் தட்டுகளோடு நின்று என்னைப் பார்த்தார்கள். நடுவில் சிவகுருநாதர்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. 'எங்கள் ஹோட்டலின் ஆண்டுவிழாவுக்கு வந்த தங்கள் மகன் ஒரு வாய் தண்ணீரும் தொடவில்லை. சொல்லாமல் போய்விட்டார். எம்மைத் தொட்ட தீட்டுப் போகக் கடலில் முழுகியதையும் கண்டோம். சம்பந்தத்தில் விருப்பமில்லை என்பது விளங்கியது.'

"என்னடா செய்தனீ?" என்றார் அப்பா.

"செத்த வீட்டில செய்யிறதைத்தானே செய்தனான்."

"ஆரடா செத்தது?"

"ஹோட்டல் முதலாளி."

அப்பா கடிதத்தை என் மடியில் போட்டார். "விழாவெண்டெல்லோ எழுதியிருக்கு. அந்தாள் எந்தக் காலத்தில செத்ததோ."

பூரணம் கைவிட்டுப் போகப்போகிறாள் என்ற பயத்தில் நாலு பக்கம் மன்னிப்பு எழுதினேன். பதில் வந்தது. சிவகுருநாதரின் கையெழுத்துக்கு அடியில், வேறொரு சின்னக் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'அடுத்தமுறை சாப்பிட்டுவிட்டுப் போகவும்.' நான் அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் வெட்கம்.

கலியாணம் நடந்து சில வருடங்களில் மாமா சிவகுருநாதர் ஓய்வுபெற்றுப் பரந்தனில் எங்களுக்குப் பக்கத்தில் வந்திருந்தார். நான் புறப்படும்போதெல்லாம் வாசல் படலையில் மறிப்பார். "சொல்லிப்போட்டுப் போம், தம்பி. இஞ்சை இன்னும் ஒருத்தரும் சாகேல்லை." வருடக்கணக்காக அப்படிச் சொல்லியே பழகிவிட்டேன். அவர் இறந்த அன்று, சுடலைக்கு விறகேற்றப் புறப்பட்டவன் படலையில் நின்று, கூடத்தில் கிடத்தியிருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "மாமா, நான் வாறன்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

ஊரே திகைத்துப் பார்த்தது. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பூரணம் சிரித்துவிட்டாள்.

"அப்பாவுக்கு இது விளங்கும்" என்றாள் பெண்களிடம். "இவருக்குத்தான் எந்த வீட்டில நிக்கிறன் எண்டு இண்டைக்கும் தெரியாது."

அதற்குப் பிறகு எந்த விசேடத்துக்குப் போனாலும் வாசலில் வைத்து என் பிள்ளைகள் காதோடு சொல்லித்தான் உள்ளே விடுகிறார்கள்: "அப்பா, இது கலியாண வீடு."