உரப்பை விமானம்

சீவரத்தினத்தின் வளவுக்குள் இந்தச் சென்மத்தில் கால் வைக்கமாட்டேன். புத்தூர் முழுக்கக் கேட்கச் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான்.

அவன் என் மனைவி பத்மாவதியின் அண்ணன். பக்கத்து வளவு. வேலி அடைக்கும்போது அரை முழம் எங்கள் பக்கம் தள்ளி அடைத்தான். காணி அவளுடைய சீதனம். கோபம் மட்டும் என்னுடையது.

இப்போது அவன் மகள் வினோஜாவுக்குக் கலியாணம். முதற்சடங்கு, பந்தலில் கன்னிக்கால் நடுவது.

“இஞ்சாருங்கோ, கன்னிக்கால் நடேக்கை மாமா நீங்கள் இல்லாட்டிச் சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும்.”

“படலையடியிலை நிண்டிட்டாவது வாங்கோவன்.”

“வரமாட்டன். எனக்கு வேலை கிடக்கு.”

வேலை கிடந்தது உண்மை. விமானம். ஒரு ஆள் இருக்கலாம். இறைப்பு மெசினின் இஞ்சின், தள்ளுவண்டிச் சில்லு, இரண்டு பக்கமும் உரப்பையில் தைத்த செட்டை. தைத்தது பத்மாவதி. ஊசியெல்லாம் முறிந்தது. அவள் வாய் முறியவில்லை.

கன்னிக்கால் நடுகிற காலையிலேயே பறப்பது என்று தீர்மானித்தேன். சனம் முழுக்க அண்ணாந்து என்னைப் பார்க்கவேண்டும். சீவரத்தினத்தை ஒரு நாயும் பார்க்கக்கூடாது. முதல்நாளே அவளுக்கு அறிவித்தேன்.

“ஓம், கவனமாப் பறந்திட்டு வாங்கோ.”

இவ்வளவு இலகுவில் அவள் ஓம் சொன்னதே இல்லை. எனக்கு உறைக்கவில்லை.

இறங்குவதற்கு ஒரே சட்டம். காற்றை எதிர்த்து இறங்கவேண்டும். முதுகில் காற்றுத் தள்ளினால் விமானம் நிற்காது. கொடியில் காயும் பத்மாவதியின் சீலை எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதுதான் எனக்குக் காற்றுக் கணக்கு. இதை அவளுக்குப் பெருமையாக விளக்கியும் இருந்தேன்.

வெங்காயம் கிண்டிய தோட்டத் தரையில் ஓடி எழும்பினேன். பனை உயரம். ஒரு சுற்று. கீழே பந்தல். சனம் கை காட்டியது. நான் காட்டவில்லை.

இறங்கத் திரும்பினால் சீலை மாறிப் பறக்கிறது! காற்று இப்போது வேலிப் பக்கமிருந்தாம். சரியென்று வேலியை நோக்கி இறங்கினேன். சில்லு நிலத்தில் பட்டது. விமானம் நிற்கவில்லை. பிறேக் என்றால் என் செருப்புத்தான். செருப்புப் போனது. வேலி போனது. சீவரத்தினத்தின் வளவில், ஒரு வைக்கோல் குவியலுக்குள் மூக்கைக் குத்தி நின்றது விமானம். ஒரு செட்டை பந்தல் வாழையில் தொங்கியது.

“வாங்கோ மச்சான்,” என்றான் சீவரத்தினம். “உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்.”

“நான் வரேல்லை. விழுந்தனான்.”

“எப்பிடியோ மாமா வந்திட்டார்!” வினோஜா கைதட்டினாள்.

உடைந்த வேலியால் பத்மாவதி வந்தாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

“காத்து மாறினதோ?” என்று கேட்டேன்.

“இல்லை.”

“அப்ப சீலை?”

“நீங்கள் மேலை போனாப் பிறகு நுனியிலை கயிறு கட்டி மற்றப் பக்கம் இழுத்தனான்.”

“வேலி அப்பளம் மாதிரிப் போச்சு!”

“கதியால் தடியெல்லாம் அண்ணை விடியவே பிடுங்கிப்போட்டார். வெறும் ஓலைக் கிடுகுதான் சாத்தினது.”

“உந்த வைக்கோல்?”

“உங்கடை இடுப்பு எனக்குத் தெரியாதே?”

எழும்பினேன். சாரம் முழங்காலிலிருந்து மேலே கிழிந்து கிடந்தது. நல்லகாலம்.

“இந்தக் கோலத்திலை சபையிலை நிக்கேலாது. நான் வீட்டை போறன்.”

பத்மாவதி முதுகுக்குப் பின்னாலிருந்த கையை நீட்டினாள்.

“பட்டு வேட்டி. நேற்றே மினுக்கி வைச்சிட்டன்.”