அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வையும்

எசன், 20.12.2008

அன்புள்ள மருமகன் எமிலுக்கு, மாமா கிறிஸ்தோப்பர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உம்முடைய மாமி பேர்பெச்சுவாவும் சுகம். கனடாவில் நீங்கள் எல்லோரும் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். இங்கே உம்முடைய அப்பாவும் சுகம். மிகமிகச் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செப்டெம்பரில் மச்சான் வந்து இறங்கியபோது, பென்சன் எடுத்த மனிதன் ஐரோப்பாவை அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்க்க வேண்டும் என்றார். கையோடு கொண்டுவந்த பெரிய வரைபடத்தை எங்கள் டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினார். என்னுடைய கதிரையிலிருந்து பார்த்தால்தான் அது வடிவாகத் தெரிகிறதாம், அதனால் அதில் உட்கார்ந்தார். நானும் இந்தக் கோடையில்தான் பென்சன் எடுத்தேன் என்பது உமக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இத்தனை வருடம் நின்ற கால்களை நீட்டுவதற்கென்றே வாங்கிய கதிரை அது. அன்று முதல் நான் குசினி ஸ்டூலில் இருக்கிறேன். அப்பா பாரிசுக்கு மட்டும் ஒருமுறை போய், தேத்தண்ணி சரியில்லை என்று இரண்டாம் நாளே திரும்பிவிட்டார். மிச்ச ஐரோப்பாவைக் கதிரையிலிருந்தே பார்க்கிறார்.

வந்த ஆளிடம் எப்போது போகிறீர்கள் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நான் ஒருநாள் மெல்ல வாயைத் திறந்தேன். "உங்களுக்கென்ன விசரே? என்ரை அண்ணனைப் பாத்து அப்பிடிக் கேப்பியளோ?" என்று மாமி கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். அன்று மத்தியானம் எனக்குப் பாணும் பட்டரும்தான். ஆகவே ஜெர்மன் அரசாங்கத்தை நம்பியிருந்தேன். கனடா பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் ஜெர்மனி, பிரான்ஸ் என்று இந்தப் பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்த்து ஒரே கணக்காக, ஆறு மாதத்துக்குள் மூன்று மாதம்தான் இருக்கலாம். நான் வெட்கத்தில் கேட்க முடியாததை அரசாங்கம் கேட்கும். இவ்வளவு காலம் கட்டிய வரிக்கு ஒரு பலன் கிடைக்கப் போகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

உம்முடைய அப்பா லேசுப்பட்ட ஆளா? "மச்சான், நாளைச் சிலவழிக்கப்படாது, மிச்சம் பிடிக்கோணும். சுவிஸ் இந்தக் கணக்கிலை இல்லை. அங்கை போய் இருந்தால் இஞ்சை நாள் ஓடாது" என்றார். சொன்னபடியே நவம்பரில் சூரிச்சில் எங்கள் ஊர்த் தவராசா வீட்டில் இரண்டு கிழமை இருந்துவிட்டு, புதுப் பொலிவோடு திரும்பினார். தவராசா போனில், "அண்ணை, இனி உங்கடை முறை" என்றான். அவனுடைய குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். போன கிழமை மச்சான் மறுபடியும் நாட்களை மிச்சம் பிடிக்கச் சுவிசுக்குப் புறப்பட்டார். ஆனால் அதற்கு முதல்நாள்தான் சுவிசும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அது தெரியாமல் பாசல் ஸ்டேஷனில் இறங்கி, பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, முத்திரை குத்த ஓர் ஆளைத் தேடி அலைந்திருக்கிறார். கடைசியில் பிடிபட்ட ஒரு பொலிஸ்காரன், இனி எல்லாம் ஒரே கணக்கு என்று சிரித்தானாம். மனிதன் அடுத்த ரயிலிலேயே வந்து, ஓவர்கோட்டையும் கழற்றாமல் என் கதிரையில் விழுந்தார். நான் குசினிக்குள் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

நாளை மறுநாள் அவரைப் பிராங்பேர்ட்டில் விமானம் ஏற்றுகிறோம். ஆனால் மார்ச்சில் அவருக்குப் புதுக்கணக்கு தொடங்குகிறது. எங்கள் குசினிக் கலண்டரில் அந்த நாளைச் சிவப்பால் வட்டம் போட்டுவிட்டார். எமில், உம்மைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவர் வந்து சேர்ந்ததும் அந்தப் பாஸ்போர்ட்டை எங்காவது பூட்டி வையும். ஏதாவது வேலை கொடும், பனியை வழிக்கச் சொல்லும். எனக்கு வேண்டியதெல்லாம் என் கதிரை மட்டும்தான்.

உம்முடைய வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு முத்தங்கள். மரியன்னை உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
கிறிஸ்தோப்பர்

பி.கு. இன்று நத்தார், பாலன் யேசு பிறந்த நாள். தபாலில் போடாமல் வைத்திருந்த கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். விமான நிலையத்தில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கை எமிலும் மருமகளும் வேலைக்குப் போனால் கதைக்க ஒரு ஆளில்லை மச்சான்" என்றார். உம்மைக் குறை சொல்லவில்லை, அவர் சொன்னதைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். கால் நீட்ட வசதியாகத்தான் இருந்தது, ஆனால் பக்கத்தில் நின்று வரைபடத்தைக் காட்டி விசர்க்கதை கதைக்க ஆளில்லை. இன்று மாமி மேசையில் மூன்று கோப்பை வைத்தார், மூன்றாவதை எடுக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. விசாரித்துப் பார்த்ததில், எங்கள் ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கும் கனடாவில் விசா தேவையில்லையாம், ஆறு மாதம் இருக்கலாமாம். ஜனவரி கடைசிக் கிழமையில் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. பாஸ்போர்ட்டைப் பூட்ட வேண்டாம், மார்ச்சில் மூன்று பேருமாகத்தான் திரும்புவோம். எப்போது போவீர்கள் என்று நீர் கேட்க மாட்டீர் என்று தெரியும். உங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் இருக்கிற கதிரை யாருடையது என்று மட்டும் எழுதும்.