மூன்று முறை குளித்த நீர்க்காகம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதனால், எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் உண்டு என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்லப்போனால் எனக்கே தெரியாது. ஆட்டுக்கு வயிறு ஊதினால் என்னைக் கேட்பார்கள். டிவியில் படம் வராவிட்டால் என்னைக் கேட்பார்கள். பத்திரத்தில் நான்கெல்லை சரியாக இருக்கிறதா என்று மாமா வந்து கேட்பார். நானும் கண்ணைச் சுருக்கி, கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றுவிட்டு ஏதாவது ஒன்றைச் சொல்வேன். (ஆடு அதுபாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும். பேர் எனக்கு வரும்.)

அப்படி வளர்ந்தவன் எம்.எஸ்சி. விலங்கியலும் படித்துவிட்டால் கேட்க வேண்டுமா? இரண்டு வருடம் மண்புழுவின் குடலை ஆராய்ந்தேன். கரப்பான்பூச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு அறுப்பேன். ஆனால் காரைக்குடிப் பக்கம் மானகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கண்மாயில் என்னென்ன பறவை வந்து நிற்கிறது என்று ஒருநாள்கூடத் தலை தூக்கிப் பார்த்ததில்லை. அந்தக் கரையில் நடந்த நேரமெல்லாம் கையில் புத்தகம் இருந்தது. புத்தகத்தில் மண்புழு இருந்தது.

படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த ஒரு தை மாதத்தில், தொண்டிப் பக்கம் கடலில் ஏதோ ஒரு கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து கரை ஒதுங்கியது. பறவைகளைக் காப்பாற்றத் தன்னார்வலர்கள் தேவை என்று செல்போனில் செய்தி வந்தது. நான் அன்றைக்கே இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்தேன். அம்மா, "சம்பளம் உண்டாப்பா?" என்று கேட்டாள். "சேவைம்மா" என்றேன். அப்பா அதற்குள் டீக்கடையில், மகன் பறவை ஆபீசராகக் கடலுக்குப் போகிறான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடற்கரை ஊர் ஒன்றின் புயல் காப்பகக் கட்டடத்தில் முகாம் நடந்தது. பொறுப்பில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். சென்னைக்காரர், மெதுவாகப் பேசுவார். எல்லாரும் டாக்டரம்மா என்றார்கள். நான் என் படிப்பைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டுவிட்டு, "பறவையக் கழுவறதுக்குப் பயிற்சி வேணும். அதுவரைக்கும் நீங்க வெந்நீர் போடுங்க" என்றார்.

போட்டேன். கட்டடத்துக்குப் பின்னால் விறகு அடுப்பில், ஆரோக்கியம் அக்காவோடு. அந்த ஊர்க்காரர். முகாமுக்கு அவர்தான் சமையல். அவர் ஒரு அடுப்பில் சோறு வடிப்பார். நான் பக்கத்து அடுப்பில் விலங்கியல் பட்டத்தை எரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக உள்ளே நடப்பதைப் பார்ப்பேன். ஆலா என்கிற கடல்பறவை ஒன்று, தார்ச் சட்டியில் விழுந்து எழுந்ததுபோல் கருகருவென்று வந்தது. கையுறை போட்ட நாலு பேர் பாத்திரம் விளக்கும் சோப்பால் அதை அலசினார்கள். கடைசியில் பால் மாதிரி வெள்ளையாக வெளியே வந்தது. நான் அழுதுவிட்டேன். (புகை என்று அக்காவிடம் சொன்னேன்.) கறுப்பாக ஒரு பறவை கிடைத்தால் அதை வெள்ளையாக்கிவிடலாம் என்பது அன்றைக்கு என் மண்டையில் பதிந்தது.

மூன்றாம் நாள் டாக்டரம்மாவும் மற்றவர்களும் அடுத்த கரைக்குப் படகில் போய்விட்டார்கள். என்னை அடுப்போடு விட்டுவிட்டார்கள். நான் கழிமுகம் வரை ஒரு நடை போனேன்.

அங்கே நட்டிருந்த கம்பு ஒன்றின் மேல் அது நின்றது. அலகிலிருந்து வால் வரை கறுப்பு. இரண்டு சிறகையும் அகல விரித்துக்கொண்டு, "யாராவது வந்து என்னைக் காப்பாற்றக் கூடாதா?" என்று கேட்பது போல நின்றது. ஒரு காலில் வலை இழை சுற்றியிருந்தது. அதனால்தான் என்னிடம் மாட்டியது. துண்டைப் போட்டு அமுக்கினேன். அது என் கட்டை விரலைக் கொத்தியது. பிறகு பாதி செரித்த மீனை என் சட்டையில் கக்கியது. விஷம் உள்ளே போய்விட்டது என்று முடிவு கட்டினேன். நோய் கண்டறிவதில் எனக்கு அவ்வளவு வேகம்.

இழையை அறுத்து எறிந்துவிட்டு, பறவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தேன்.

ஆரோக்கியம் அக்கா கரண்டியோடு எழுந்தார். "தம்பி, இது வந்து..."

"தெரியும்கா. வெந்நீர் எடுங்க."

"இல்ல தம்பி, இந்தப் பறவை..."

"அக்கா, நான் எம்.எஸ்சி. விலங்கியல். உள்ள வரைக்கும் எண்ணெய் போயிருக்கு. பேச நேரமில்ல."

அக்கா வாளியைத் தூக்கினார்.

முதல் தடவை கழுவியதில் சேற்றுத் தண்ணீர் கறுப்பாக ஓடியது. "பாத்தீகளாக்கா?" என்றேன். இரண்டாம் தடவை வெறும் நுரைதான் வந்தது. பறவை கறுப்பாகவே இருந்தது. மூன்றாம் தடவைக்கு என் சொந்தப் பல் துலக்கும் பிரஷை எடுத்தேன். தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடியது என்றால், அதில் என் முகம் தெரிந்தது. அறிவு தெரியவில்லை. "ரொம்ப ஊறின எண்ணெய்" என்று அக்காவிடம் விளக்கினேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

சளைக்காமல் ஒரு படமும் எடுத்து எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். "மூன்று முறை கழுவியும் எண்ணெய் போகவில்லை. உயிருக்குப் போராடுகிறது. முயற்சியைக் கைவிட மாட்டேன்." பிறகு பறவையைத் துண்டில் சுற்றி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

படகு திரும்பிவந்து, ஆட்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற நேரம். என் போன் ஒலித்தது, அம்மாவின் செய்தி. அம்மாவுக்கு எழுத வராது. பேசித்தான் அனுப்புவாள். என் இரண்டு கையும் பறவையில் இருந்ததால், "அக்கா, அத அமுக்கி விடுங்க" என்றேன். காற்றுச் சத்தத்துக்காக நான் ஒலியை முழுசாகக் கூட்டி வைத்திருந்ததை மறந்துபோனேன்.

"தம்பி, சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா முகாம் முழுவதற்கும் கேட்டாள். "படத்தப் பாத்தேன். அது நீர்க்காக்காப்பா. நம்ம கம்மாயில கருவ மரத்துல வரிசையா உக்காந்திருக்குமே, அதுதான். பொறவியே கறுப்புப்பா அது. போட்டுத் தேய்க்காத, பாவம்."

பின்னாலிருந்து அப்பா குரல்: "என்னவாம்?"

"நீர்க்காக்காயக் குளிப்பாட்டுறானாம்."

"எதுக்கு?"

"என்னையக் கேட்டா? படிச்ச பிள்ளைக, ஏதாச்சும் காரணம் இருக்கும். நீங்க சும்மா இருங்க."

சாப்பாட்டு வரிசை அப்படியே நின்றது. ஒருவர் தட்டைப் பார்த்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். போன் மறுபடி ஒலித்தது. மாமா எழுதியிருந்தார்: "காக்கா குளிச்சாக் கொக்காகுமா மாப்ள?" அக்கா அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவருக்கும் எழுத்து வராது என்பது ஒரே ஆறுதல்.

டாக்டரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். துண்டை விலக்கிப் பார்த்தார்.

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"மூணு."

"நல்லா கழுவியிருக்கீங்க. இவ்வளவு சுத்தமான நீர்க்காகத்த நான் பாத்ததே இல்ல."

அவர் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாக விளக்கினார். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட அதன்மேல் படவில்லை. சிறகை விரித்து நின்றது வெயில் காயத்தான். கால் இழையை அறுத்துவிட்டு அங்கேயே விட்டிருந்தால் போதும். அதுவே பெரிய உதவியாக இருந்திருக்கும். இப்போது சோப்பு இறகுகளுக்குள் போய்விட்டது. "தண்ணியில விட்டா துணி மாதிரி நனையும். குளிர்ல செத்துரும். அதுவே அலகால இறகக் கோதிச் சரி பண்ணணும். அதுக்குத் தெம்பு வேணும், தெம்புக்குச் சாப்பிடணும். சாப்பிடலைன்னா ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

நான் செய்த காரியம் சிரிப்புக்குரியது இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவரே அரை மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பை அலசி எடுத்தார். ஒரு சின்ன அறையில் பல்பு வெளிச்சத்துக்குக் கீழே அட்டைப்பெட்டி வைத்து விட்டோம். அக்கா நெத்திலி கொண்டுவந்தார். அது பார்க்கவில்லை. சாளை கொண்டுவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் நீட்டினால் மட்டும் கொத்தியது, மீனை இல்லை, என்னை. மறுநாளும் அதே கதை. சாயங்காலம் அதன் கழுத்து தொய்ந்துவிட்டது. எனக்கும் சோறு இறங்கவில்லை. வெளியே தன்னார்வலர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது.

அடுப்படியில் அக்காவிடம் போய் நின்றேன். "அக்கா, அன்னைக்கு நீங்க சொல்ல வந்தீக."

"ஆமா. நீங்க பெரிய படிப்பாச் சொன்னீக. படிச்ச பிள்ளை தெரியாமலா செய்யும்னு நான் வாளியத் தூக்கிட்டேன்." விறகை அடுப்புக்குள் தள்ளினார். "நானும் இன்னொரு வார்த்தை சத்தமாச் சொல்லியிருக்கலாம், தம்பி."

அம்மாவுக்குப் போன் போட்டேன். பறவை சாப்பிடவில்லை என்றேன். "என்ன குடுக்குறீக?" என்று கேட்டாள். நெத்திலி, சாளை என்றேன். "செத்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் அம்மா முகாம் வாசலில் நின்றாள். தலையில் துணிப்பை, கையில் மூடி கட்டிய தூக்குவாளி. விடியும்போதே திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். தூக்குவாளியில் உயிரோடு அயிரை மீன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதன் கனம் தெரியும். அயிரை என்பது மருமகன் வந்தால் வைக்கிற குழம்பு. என் பரீட்சை முடிவு வந்த அன்றைக்குக்கூட எங்கள் வீட்டில் அயிரை வாங்கவில்லை.

"கண்டக்டர் விடமாட்டேன்னுட்டாரு" என்றாள் அம்மா. "தூக்குல என்னமோ துள்ளுதேன்னாரு. மருந்துன்னேன். யாருக்குன்னாரு. ரெண்டு நோயாளி இருக்காகன்னேன்."

அறைக்குள் போய், பெட்டிக்கு முன்னால் ஒரு அகலச் சட்டியில் அயிரையைத் தண்ணீரோடு ஊற்றினாள். பறவை அசையவில்லை. நான், டாக்டரம்மா, அக்கா, இன்னும் ஆறேழு பேர் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"எல்லாரும் அங்குட்டுப் போங்க" என்றாள் அம்மா. "இத்தனை பேரு வாயப் பாத்துக்கிட்டு நின்னா யாருக்குச் சோறு எறங்கும்?"

டாக்டரம்மாதான் முதலில் வெளியே போனார்.

ஜன்னல் இடுக்கில் பார்த்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு அயிரை சட்டியிலிருந்து எகிறித் தரையில் விழுந்து நெளிந்தது. பறவையின் கழுத்து மெல்ல நிமிர்ந்தது. ஒரே கொத்து. அப்புறம் சட்டிக்குள் தலையை விட்டது, எடுக்கவே இல்லை.

அம்மா துணிப்பையை அவிழ்த்துப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "இப்ப நீ" என்றாள். நான் அந்த ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். (புகை அங்கே இல்லை. ஆனாலும் கண் கலங்கியது.) அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "முள்ளு இல்லாத சோறுதானே, பயப்படாமத் தின்னு" என்று மட்டும் சொன்னாள். சாயங்கால பஸ்ஸில் காலித் தூக்குவாளியோடு ஊருக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு உயிருள்ள மீனுக்கு அக்கா ஏற்பாடு செய்தார். பறவை தின்றது, இறகைக் கோதியது, என்னைக் கொத்தியது. ஒன்பதாம் நாள் டாக்டரம்மா அதன் முதுகில் தண்ணீர் தெளித்தார். முத்து முத்தாக உருண்டு ஓடியது. கடலில் இன்னும் எண்ணெய் மிதந்ததால், உள்ளே தள்ளி ஒரு கண்மாய்க்குப் பெட்டியை ஜீப்பில் கொண்டுபோனோம். அக்காவும் வந்தார்.

பெட்டியைத் திறந்தேன். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கியது. நாலு முழம் நீந்தியது. அப்புறம் தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே வரவில்லை.

நனைந்துவிட்டது, மூழ்கிவிட்டது, நான்தான் கொன்றேன் என்று ஓடினேன். செருப்போடு, சட்டைப் பையில் போனோடு, இடுப்பளவு தண்ணீரில், முழங்கால் சேற்றில். அடியில் கையை விட்டுத் துழாவினேன். கரையிலிருந்து அக்கா குரல் கேட்டது.

"தம்பி, அது முங்கி மீன் பிடிக்கிற சாதி. நீங்கதான் இப்ப வெளிய வரணும்."

தூரத்தில் தலை தெரிந்தது. அலகில் ஒரு மீன். அதை விழுங்கிவிட்டு, பறந்துபோய்ப் பட்ட மரத்தில் மற்ற நீர்க்காகங்களோடு உட்கார்ந்தது. எல்லாம் ஒரே கறுப்பு. எது என்னுடையது என்று அடுத்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர். போன வருடம் நாட்டரசன்கோட்டையில் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை சொல்லவேண்டிய கட்டம் வந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எண்ணெய் கொட்டுன கடலுக்குப் போயி என் மகன் ஒரு பறவைய உசுரோட காப்பாத்துனான்" என்றாள்.

பெண்ணின் அப்பா மரியாதையாக, "எண்ணெயில இருந்தா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பொய் வராது. "எண்ணெய் எங்க பட்டுச்சு? இவன்ட்ட இருந்துதான்" என்றாள்.

உள்ளே காபித் தட்டு கலகலவென்று ஆடிய சத்தம் கேட்டது.

தட்டை ஆட்டிய ஆள் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையை அவள்தான் ஆரம்பிக்கிறாள். நான் இருந்த இடத்தில் அவளும் இருந்ததைப் போல, பிரஷின் நிறம் முதற்கொண்டு சொல்கிறாள். கேட்கிறவர்கள், "அப்ப அந்தப் பறவைய யார்கிட்ட இருந்துதான் காப்பாத்துனாரு?" என்று கேட்கிற இடம் வந்ததும் மட்டும் நிறுத்திவிடுவாள்.

"அத்தை, நீங்க சொல்லுங்க" என்பாள்.