வாழ்த்துரையார் வாசித்த கவிதை

மாதத்துக்கு ஒரு புத்தகமாவது வெளியாகிற ஊரில் நீங்கள் குடியிருந்தால் அவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மேடையில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. மடியில் புத்தகம் இருக்கும். ஆள்காட்டி விரல் அதன் நடுவில் செருகியிருக்கும். மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தவரை யாரோ வலுக்கட்டாயமாக மேடைக்கு இழுத்து வந்துவிட்டார்கள் என்று நாம் நினைக்க வேண்டும். அந்த விரலை நம்பாதீர்கள். அது சும்மா செருகிய விரல்.

வாழ்த்துரை வழங்குபவர் என்ற இனம் இது. கவிஞர் எழுதுவார், அச்சகத்தார் அச்சடிப்பார், இவர் வாழ்த்துவார். மூவரில் படிக்க வேண்டியவர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. எழுதியவரே மெய்ப்புப் பார்க்கும்போது படித்துவிடுவதால் அந்த வேலை முடிந்துவிட்டதாக இவர் எடுத்துக்கொள்கிறார். முன் அட்டையைப் பார்ப்பார், பின் அட்டையைப் பார்ப்பார், அணிந்துரையின் முதல் பத்தியைப் பார்ப்பார், யாருக்குக் காணிக்கை என்று பார்ப்பார், தன் பெயர் எங்காவது வருகிறதா என்று நன்றிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார். போதாதா?

பேச்சு எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்கே மனப்பாடம். "இரண்டே நிமிடங்கள்" என்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைப்பார், பிறகு அதைப் பார்க்கவே மாட்டார். "இந்த நூலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்பார். "இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்றும் கேட்பார். அன்றைய கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்; ஆனால் தன்னடக்கம் என்று நினைத்துச் சபை கைதட்டிவிடும். முடிக்கும்போது, "நேரம் கருதி ஒரே ஒரு கவிதையை மட்டும்" என்று சொல்லி, கையில் வந்த பக்கத்தைத் திறந்து வாசிப்பார். கவிதைத் தொகுப்பில் இது ஒரு பெரிய வசதி. எங்கே திறந்தாலும் ஒரு கவிதை அகப்படும். இதனால்தான் நாவல் வெளியீட்டுக்குக் கூப்பிட்டால் அவருக்கு அன்று பார்த்து வெளியூர் வேலை வந்துவிடுகிறது.

நாம் பின்தொடரப் போகிறவரை ஊரில் வாழ்த்துரையார் என்றே கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. வேலை, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். அங்கே போய்ப் பார்த்தால் நீங்கள் அசந்துபோவீர்கள். பத்திரத்தின் நாலாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிற நிபந்தனையைக் கூட விரல் வைத்துப் படித்துக் காட்டி, "இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே? படிக்காம எப்படிங்க போட்டீங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டு சாயங்காலம் நேராகக் கூட்டத்துக்கு வருவார்.

இப்படி ஊராருடைய புத்தகங்களை எல்லாம் படிக்காமல் வாழ்த்திக்கொண்டு நிம்மதியாக இருந்தவருடைய வீட்டுக்குள்ளேயே ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. எழுதியவள் அவருடைய சொந்தத் தங்கை. பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இத்தனை வருடமாக எழுதிப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்ததை எல்லாம் எடுத்துத் தொகுத்துவிட்டாள். முதல் பிரதியைத் தன் கையாலேயே கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தாள். வாழ்த்துரை நீதான் என்றாள். வேறு யாரைச் சொல்வாள்?

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணா, புத்தகம் படிச்சியா?"

"படிக்காம இருப்பேனாம்மா? ஒரே மூச்சுல முடிச்சேன்."

"நாப்பத்தொண்ணாம் பக்கம்?"

நம் ஆளுக்கு மேடை அனுபவம் கொஞ்சமா? அரை நொடிதான் தடுமாறினார். "அதைப் பத்திப் போன்ல பேசக்கூடாதும்மா. மேடையில பேசறேன்."

"நீ அதை என்ன நெனைப்பியோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன். வேற யாரு படிக்கலைன்னாலும் பரவாயில்ல அண்ணா" என்றாள். அந்தப் பயம் அவருக்கும் கேட்கத்தான் செய்தது. இன்று ராத்திரி அந்த ஒரு பக்கத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அன்று ஒரு கூட்டம். மறுநாள் இன்னொரு கூட்டம்.

"ஊரார் புத்தகம் போகட்டும், உங்க தங்கச்சி எழுதினதையாவது ஒருதரம் புரட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"அவ மனசுல இருக்கறதை நான் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா? அவளைத் தூக்கி வளத்தவன்டி நான்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

இங்கே ஒரு சிறு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். புத்தகம் அச்சாகி வந்ததும் தங்கை உட்கார்ந்து படித்தாள். பரீட்சைத்தாள் திருத்துகிற கண்ணல்லவா, மூன்று பிழைகள் அகப்பட்டன. உடனே அச்சகத்தில் சொல்லி ஒரு பிழைத்திருத்தச் சீட்டு அடித்து வாங்கினாள். அச்சகக்காரர் சிக்கனமானவர். ஒரே தாளில் நெருக்கி நெருக்கி அடித்து வெட்டியதில், மேலே இருந்த ‘பிழைத்திருத்தம்’ என்ற தலைப்பு வெட்டோடு போய்விட்டது. சரி, பார்த்தால் தெரியாதா என்று அவளும் விட்டுவிட்டாள். எல்லாப் பிரதிகளிலும் சீட்டைக் கடைசிப் பக்கத்தில் வைத்தவள், அண்ணன் பிரதியில் மட்டும், அவரிடம் கொடுப்பதற்கு முன்பே, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வைத்தாள். புத்தகம் தானாக அங்கே திறக்கட்டும் என்று ஒரு ஆசை.

திறந்தது. ஆனால் எங்கே என்றால் மேடையில்.

நூலகத்தின் மாடி அறை. மடக்கு நாற்காலிகள் அன்று நிறைந்திருந்தன. பள்ளி ஆசிரியைகள் மொத்தமாக வந்திருந்தார்கள். தலைமை ஒரு பேராசிரியர். அவர் நல்ல வரி காதில் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு "மீண்டும் ஒருமுறை" என்பார். விழாவிட்டாலும் சொல்வார். வாழ்த்துரையார் இரண்டே நிமிடங்கள் என்று தொடங்கி வழக்கம்போல எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நேரம் கருதி ஒரே ஒரு கவிதையை மட்டும்" என்றபடி புத்தகத்தைத் திறந்தார். நாற்பத்தொன்று. அவருக்கே புல்லரித்தது. தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தின் மேல் பொருந்தி உட்கார்ந்திருந்த சீட்டை, கவிதையைத் தவிர வேறெதுவாகவும் அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் காலத்துக் கவிதைக்குத் தலைப்பா இருக்கிறது? குரலைத் தாழ்த்தி, வரிக்கு வரி நிறுத்தி வாசித்தார்.

"பன்னிரண்டாம் பக்கத்தில்
இறந்தேன் என்பதை
இருந்தேன் என்று வாசிக்கவும்.
இருபத்தேழாம் பக்கத்தில்
கனவு என்பதைக்
கதவு என்று வாசிக்கவும்.
முப்பதாம் பக்கத்தில்
மறந்தாள் என்பதை
மறைந்தாள் என்று வாசிக்கவும்.
மற்ற பிழைகளை
அன்பர்கள் பொறுத்தருள்க."

பின் வரிசையில் ஒருவர் "ஆஹா" என்றார். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். "மீண்டும் ஒருமுறை."

இந்த இனத்தாருக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் தடவை வாசிக்கும்போது தங்கள் குரலை மட்டும்தான் கேட்பார்கள். இரண்டாம் தடவைதான் சொற்கள் காதில் விழும். இருபத்தேழாம் பக்கத்துக்கு வரும்போதே காப்பீட்டு மேலாளர் உள்ளுக்குள் விழித்துக்கொண்டு, இது என்னவென்று சொல்லிவிட்டார். வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்தார். அவள் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்களோ நானோ என்றால் அந்த இடத்தில் என்ன செய்திருப்போம்? தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, சீட்டை நகர்த்திவிட்டு, அடியில் இருந்த கவிதையை வாசித்திருப்போம். அப்படித்தான் செய்திருப்போம் என்று நாம் நம்புகிறோம். வாழ்த்துரையார் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "வாழ்க்கையே ஒரு பிழைத்திருத்தம்தானே, நண்பர்களே" என்றார்.

கைதட்டல் ஓயவே இல்லை. பேராசிரியர் தன் தலைமையுரையை அப்படியே மாற்றிக்கொண்டு, சொல்லுக்கு எதிராகச் சொல்லே எழுப்பும் கலகக்குரல் இது என்றார். "அந்தக் கடைசி வரியில் கவிஞர் மன்னிப்புக் கேட்பது நம்மிடம் இல்லை, மொழியிடம்" என்றார். கடைசி வரிசையில் இருந்த அச்சகக்காரர் மட்டும் மெதுவாக எழுந்து தேநீர் குடிக்கப் போனார்.

பிறகு ஏற்புரைக்குத் தங்கையைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"அண்ணா வாசிச்சது கவிதை இல்லைங்க. பிழைத்திருத்தச் சீட்டு."

சபை சிரித்தது. என்ன தன்னடக்கம் என்று ஒரு ஆசிரியை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. இப்பதான் கவனிச்சேன்" என்றாள் தங்கை. "பக்கம் நாற்பத்தொன்று, கடைசி வரி. ‘என் அண்ணன் ஒரு வரியும் விடமாட்டான்’ என்பதை, ‘என் அண்ணன் ஒரு வரியும் விடாத காலம் ஒன்று இருந்தது’ என்று வாசிக்கவும்."

கைதட்டல் முன்னதைவிடப் பலமாக இருந்தது. பேராசிரியர் கண்ணை மூடினார். "மீண்டும் ஒருமுறை."

"வேண்டாங்க ஐயா. கேக்க வேண்டியவங்களுக்குக் கேட்டுடுச்சு."

நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. அரங்கு தந்தவர், ஒலிபெருக்கி தந்தவர், நாற்காலி தந்தவர் என்று பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. வாழ்த்துரையார் மடியில் இருந்த புத்தகத்தைத் திறந்து, சீட்டை எடுத்துவிட்டு, அடியில் இருந்ததைப் படித்தார்.

கண்ணில் கட்டுப் போட்டிருந்த நாட்களில்
எனக்காகப் படித்தது ஒரு குரல்.
தலைப்பு, பக்க எண், படத்துக்குக் கீழே பெயர்,
கடைசியில் அச்சகத்தின் முகவரி.
போதும், கதைக்கு வா என்பேன்.
யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்காங்க,
படிக்க வேண்டாமா என்பான்.
என் அண்ணன் ஒரு வரியும் விடமாட்டான்.

இரண்டாம் தடவை படித்தார். மூன்றாம் தடவை எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை. அவர் அழுதார் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். மேடையில் அவர் அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொள்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கூட்டம் கலைந்தது. தங்கை மிச்சப் பிரதிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றார்.

"படிச்சேம்மா" என்றார்.

எத்தனையோ கவிஞர்களிடம், எத்தனையோ மேடைகளில் சொன்ன அதே சொல்தான். முதல் முறையாக அது உண்மையாக இருந்தது. தங்கை தலையைத் தூக்கவில்லை.

"ஒரே மூச்சுலயா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை மூடினாள்.

பாவம்தான், இல்லையா? நமக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. வரட்டும். அது அடங்கிய பிறகு எழுந்துபோய் உங்கள் அலமாரியைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாரோ, ‘அன்புடன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகம் ஒன்று அங்கே இருக்கும். "படிச்சேன், ரொம்ப அருமை" என்று அன்றைக்கே நீங்கள் செய்தி அனுப்பிய அதே புத்தகம். அதற்குள்ளே ஒரு சீட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.