எச்.ஐ.வி.யைக் குணப்படுத்திய கடிதம்

உலக விஞ்ஞானிகள் கால் நூற்றாண்டாகத் தலையைப் பிய்த்துக்கொண்டும் முடியாத காரியத்தை, சிட்லபாக்கம் ஏரிக்கு எதிரே மாடியில் இயங்கும் எங்கள் கம்பெனி, 2007 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டது. எச்.ஐ.வி. உள்ள ஒருவரை முழுமையாகக் குணப்படுத்தினோம். செலவு, ஏ-4 தாள் ஒன்று. மனிதவளத் துறைத் தலைவன் என்ற முறையில் இந்தச் சாதனையில் எனக்கும் பங்குண்டு. (அந்தத் துறையில் இருப்பது நான் ஒருவன்தான். ஆகவே தலைவனும் நானே.)

எங்கள் தொழில் 'மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்'. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு மைக்கில் முணுமுணுப்பதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்து அனுப்புவோம். அந்த நோயாளிகளின் அந்தரங்கத்தை உயிர்போனாலும் வெளியிடமாட்டோம் என்று எல்லோரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சிட்லபாக்கத்து நோயாளிகளைப் பற்றி அந்தப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை.

லோகநாயகி எங்கள் மூத்த டைப்பிஸ்ட். வயது நாற்பத்தாறு. கணவர் இல்லை. மகள் சக்தி பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. மாதம் ஒருமுறை லீவு எடுப்பார். எங்கள் விதிப்படி லீவுக்குக் காரணம் எழுத வேண்டும். ஜனவரியில் அவருடைய பெரியப்பா இறந்தார். பிப்ரவரியில் மாடம்பாக்கத்தில் காதுகுத்து. ஏப்ரலில் பெரியப்பா மறுபடியும் இறந்தார். ஜூலையில் அவர் மூன்றாம் முறை இறந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கூப்பிட்டு விசாரித்தேன்.

அவரே எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு சார். எட்டு வருஷமா. என் வீட்டுக்காரர் போனப்புறம்தான் தெரிஞ்சுது. மாசாமாசம் சானடோரியம் ஆஸ்பத்திரில க்யூல நின்னு மாத்திரை வாங்கணும். ஞாயித்துக்கிழமை தரமாட்டாங்க."

"பாத்தா தெரியலையே?"

"பல நாள் நல்லாத்தான் இருப்பேன். சில நாள் காலைல எழுந்துக்கவே முடியாது. ரெண்டு மணி நேரம் பர்மிஷன் குடுத்தா போதும் சார், சாயங்காலம் உக்காந்து முடிச்சுட்டுப் போறேன். மாத்திரைய விட்டா படுத்துடுவேன். உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கேன்."

என்னை நம்பிச் சொன்ன ரகசியம். சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது ரகசியம் காப்பது ஆகாது. எதற்கும் ஒரு முறை வேண்டும். அன்றைக்கே சுற்றறிக்கை தயாரித்தேன். 'திருமதி லோகநாயகிக்கு எச்.ஐ.வி. உள்ளது என்பது பரம ரகசியம். கீழ்க்கண்டவர்கள் படித்து, ரகசியம் காப்பதாக ஒப்பமிட்டு, அடுத்தவருக்கு அனுப்பவும்.' பதினேழு பேர். மாலைக்குள் சுற்றி வந்துவிட்டது. தீபாவளி போனஸ் சுற்றறிக்கைகூட இந்த வேகத்தில் போனதில்லை.

டீ கொடுக்கும் அங்காளம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வராந்தாவில் நிறுத்தி, சத்தமாகப் படித்துக்காட்டிக் கைநாட்டு வாங்கினேன்.

"இன்னா சார் இது? ஊருக்கே டமாரம் அட்ச்சிக்கினு கீறே, அப்பால ரகசியம்ன்றே? அந்த அக்கா உனுக்கு இன்னா பண்ணிச்சு?" என்றாள்.

நிர்வாக நடைமுறை தெரியாதவள் என்று மன்னித்துவிட்டேன்.

மறுநாள் முதல் ரகசியம் தீவிரமாகக் காக்கப்பட்டது. லோகநாயகிக்கு இருபுறமும் இருந்த நாற்காலிகள் 'காற்றோட்டம்' கருதி ஜன்னல் பக்கம் போயின. அவருடைய கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை வந்தது. டீம் லீடர் ஸ்ரீரங்கன், தொட்டால் இந்த நோய் பரவாது, ஒரே கோப்பையில் குடித்தாலும் பரவாது என்று அமெரிக்க டாக்டர் ஒருவர் விளக்கியதை ஒரு பிழையும் இல்லாமல் டைப் அடித்து அனுப்பினார். பிறகு எழுந்துபோய், லோகநாயகி தொட்ட கதவுக் கைப்பிடியை டெட்டால் போட்டுத் துடைத்தார். அங்காளம்மா மட்டும் பழைய கிளாஸிலேயே அவருக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை, லோகநாயகியை வரவழைத்து விசாரிக்கக் கமிட்டி கூடியது. தலைமை, மேனேஜர் வேதசிரோமணி. அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. வந்தால் ஹாலில் விளக்குகளை அணைத்துவிடுவோம். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு இருட்டில் டைப் அடிப்போம். அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. அது மேனேஜர் பதவியின் ஓர் அங்கம்.

"எந்தெந்தத் தேதில உடம்பு சரியில்லாம போகும்னு ஒரு லிஸ்ட் குடுத்துடுங்கம்மா. டிசம்பர் வரைக்கும் போதும்" என்றார் மேனேஜர்.

"அது எப்படி சார் முன்னாடியே தெரியும்?"

"ப்ளானிங்னு ஒண்ணு வேணாமா?"

ஸ்ரீரங்கன் குறுக்கிட்டார். "வெள்ளிக்கிழமை சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்களே மேடம்?"

"அன்னிக்கு நல்லா இருந்தேன் சார்."

"அப்ப உங்களுக்கு நோய் இல்ல."

"நேத்து முடியல."

"அப்ப நீங்க வேலைக்கு லாயக்கில்ல. ஏதாவது ஒரு பக்கமா இருங்க மேடம். இப்படி மாத்தி மாத்தி இருந்தா ரெஜிஸ்டர்ல எந்தக் கட்டத்துல போடறது?"

அந்த நேரம் பார்த்து மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். விளக்குகளை அணைத்தோம். மீதிக் கூட்டம் இருட்டில், கிசுகிசுப்பாக நடந்தது.

நோயாளியை வேலையில் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. நோயாளியை நீக்கினால் கம்பெனி பெயர் கெடும். ஆகவே நோயை நீக்குவது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

கடிதத்தை நான் சொல்லச் சொல்ல, லோகநாயகியே டைப் அடித்தார். 'எனக்கு எந்த நோயும் இல்லை. முன்பு தெரிவித்தது தவறு. இனி உடல்நலக் காரணம் காட்டி லீவோ பர்மிஷனோ கேட்கமாட்டேன்.' கடைசி வரியில் விரல்கள் நின்றன.

"இதைப் போட்டாதான் வேலை இருக்குமா சார்?"

"பொண்ணு படிப்பை யோசிச்சுப் பாருங்க" என்றேன், ஒரு குடும்ப நண்பனைப்போல.

கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்ச நேரம்தான் இருந்தது.

சிகிச்சையின் பலன் உடனே தெரிந்தது. லோகநாயகி ஒருநாளும் லீவு எடுக்கவில்லை. பெரியப்பா சாவதை நிறுத்திவிட்டார். அக்டோபரில் லோகநாயகியின் உடம்பு பாதியாக இளைத்திருந்தது. டயட்டில் இருப்பதாகச் சிலர் பாராட்டினார்கள். மதியம் டேபிளில் தலைசாய்த்துப் படுத்திருப்பார். அங்காளம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை முறைப்பாள்.

நவம்பரில் ஆண்டுவிழா. 'நூறு சதவீத வருகை' ஷீல்டு லோகநாயகிக்கு. மேடைக்கு மூன்றே படிகள். அவர் ஏறி முடிப்பதற்குள் சபை இரண்டு முறை கைதட்டி ஓய்ந்தது. ஷீல்டை நான் கொடுத்தேன். போட்டோகிராபர் எங்களைச் சிரிக்கச் சொன்னார்.

"சார்" என்றார் லோகநாயகி, எனக்கு மட்டும் கேட்கும்படி. "மாத்திரை வாங்கி மூணு மாசம் ஆச்சு. நாளைக்குக் காலைல ரெண்டு மணி நேரம் விடுங்க சார். முடியல."

நான் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, "எதுக்கு மேடம்? உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே?" என்றேன்.

அவர் கால் மடங்கி அப்படியே சரிந்தார். ஆனால் நான் சுதாரித்துக்கொண்டேன். சட்டென்று பாய்ந்து இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்துவிட்டேன். ஷீல்டில் ஒரு கீறல்கூட இல்லை.